டோனட்டுக்காக மறுபடியும் போவேன்

நியூயார்க் மாநிலத்து ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறிக்கக் கிளம்புகிறவர்கள், எந்தத் தோட்டம் என்று அலசுவதற்கு முன்னால் எந்தக் கிழமை என்று யோசிப்பது நல்லது. அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டி வரும் நீண்ட வார இறுதியில் நியூயார்க் நகரமும் நியூ ஜெர்சியும் மொத்தமாகக் கிளம்பி 87-ஆம் நெடுஞ்சாலையில் நிற்கும். நாங்கள் அந்தக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத ஒரு வார நாளில், அல்ஸ்டர் கவுண்டியில் ஒரு தோட்டத்துக்குப் போனோம். நான், கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். வண்டி நிறுத்த இடம் இருந்தது, டோனட் கடையில் வரிசையே இல்லை. கீழே நான் சொல்லும் நல்ல வார்த்தைகளில் பாதி அந்த வார நாளுக்குத்தான் சேரும்.

முதலில் டோனட், அதாவது சைடர் என்கிற ஆப்பிள் சாறு சேர்த்துச் செய்யும் சைடர் டோனட். கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரம் ஓடுகிறது. மாவு வளையமாகக் கொதிக்கும் எண்ணெயில் விழுந்து, மிதந்தபடியே நகர்ந்து, பாதி வழியில் தானாகப் புரண்டு, மறுமுனையில் ஏறி வெளியே வருகிறது. என் மகனை அந்தக் கண்ணாடியிலிருந்து பிரிக்க ஒரு டோனட் லஞ்சம் தேவைப்பட்டது. மேலே 'பாட்டி காலத்துப் பண்ணைச் செய்முறை' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். 1920-இல் நியூயார்க்கில் டோனட் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் அடால்ஃப் லெவிட். அவருடைய டோனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா 1951-இல் இலையுதிர்கால வியாபாரத்துக்கென்று இறக்கிய சரக்குதான் சைடர் டோனட். பாட்டிக்கு அதில் பெரிய பங்கு இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது. வெளியே பட்டைத்தூள் கலந்த சர்க்கரை நறநறவென்று கடிபடுகிறது, உள்ளே பஞ்சு. சைடரைச் சுண்டக் காய்ச்சி மாவில் சேர்ப்பதாகக் கடையில் இருந்த பெண் சொன்னார், மோரும் உண்டாம். அந்தப் புளிப்பு சோடா உப்போடு சேர்ந்து பொங்குவதால்தான் இழுவையாக இல்லாமல் வாயில் உதிர்கிறது. ஆப்பிள் மணம் தூக்கலாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முன்னால் நிற்பது பட்டையும் ஜாதிக்காயும்தான், ஆப்பிள் கடைசியில் ஒரு சின்னப் புளிப்பாக வந்துவிட்டுப் போகும். முட்டை சேர்க்காதவர்கள் கவனிக்க: மாவில் முட்டை உண்டு. பொரிப்பது எதில் என்று கேட்டேன், தாவர எண்ணெய் என்றார்கள். சில இடங்களில் பன்றிக் கொழுப்பிலும் பொரிப்பார்கள் என்பதால் எங்கே போனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதைச் சூட்டோடு நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டும். ஒரு டஜன் கட்டிக்கொண்டு கிளம்பினோம், வீடு வருவதற்குள் சர்க்கரை கசிந்து காகித உறையெல்லாம் ஈரம். வீட்டுக்கு வாங்குவதென்றால் சர்க்கரை தூவாததைக் கேளுங்கள். மறுநாள் ஓவனில் சூடு காட்டி நீங்களே தூவிக்கொள்ளலாம், முக்கால்வாசி ருசி திரும்பிவிடும்.

சைடர் இங்கே இரண்டு விதம், சில்லென்றும் சூடாகவும். வடிகட்டாத ஆப்பிள் சாறு, கலங்கலான பழுப்பு நிறம், போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூடான சைடரில் பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுக் காய்ச்சி வைத்திருந்தார்கள். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "சுக்குக் காப்பிக்கு ஜூஸ் வேஷம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். குடித்து முடித்தார், ஆனால் அடுத்த கோப்பை கேட்கவில்லை. எனக்கும் சில்லென்ற சைடர்தான் பிடித்தது. பட்டை மறைக்காததால் இனிப்புக்கு அடியில் இருக்கும் புளிப்பு தெரிகிறது. ஒரே ரக ஆப்பிளைப் பிழிந்தால் இந்த ருசி வராது, இனிப்பு ரகமும் புளிப்பு ரகமும் கலந்துதான் பிழிகிறார்கள். சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும்முன் புட்டியின் லேபிளைப் பாருங்கள். 1996-இல் சூடாக்காத ஆப்பிள் சாற்றால் ஈ.கோலை கிருமி பரவி ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு, கிருமி நீக்காத சாறு என்றால் புட்டியில் எச்சரிக்கை போட வேண்டும் என்று 1998-இல் விதி வந்தது. இந்தத் தோட்டத்தில் புற ஊதா ஒளியில் கிருமி நீக்கியதாக லேபிளிலேயே போட்டிருந்தார்கள். சாற்றைக் கொதிக்க வைக்காததால் பச்சை மணம் அப்படியே இருக்கிறது.

இப்போது பறிக்கும் கதை. இங்கேதான் எனக்கு வருத்தம். நுழைவுக்கு ஆளுக்கொரு கட்டணம், பறித்துப் போடும் பைக்குத் தனிக் கட்டணம். முழங்கால் வலியோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட மாமியாருக்கும் டிக்கெட். பறிக்க வராதவருக்கு எதற்கு என்று கேட்டால், "இதுதான் விதி" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு பவுண்டு ஆப்பிள் கடை விலையைத் தாண்டிவிடுகிறது. பெக் என்கிற பை சுமார் 10 பவுண்டு பிடிக்கும், அரை புஷல் என்கிற பெரிய பை அதைப்போல இரண்டு மடங்கு. நால்வர் குடும்பத்துக்கு பெக் தாராளம். "பெரிய பை வாங்கினால் லாபம்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம்.

எல்லோரும் தேடி வரும் ஹனிகிரிஸ்ப் வரிசையில் இலைதான் மிச்சம். அது செப்டம்பரிலேயே பழுத்துவிடும் ரகம், மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்டது. கடைகளிலும் அது விலை கூடிய ரகம், அதனால் முதலில் காலியாவதும் அதுதான். எங்களுக்குக் கிடைத்தது எம்பயர். மெக்கிண்டாஷையும் ரெட் டெலிஷஸையும் கலந்து கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவாக்கி 1966-இல் வெளியிட்ட நியூயார்க் ரகம். மரத்திலிருந்து பறித்த எம்பயரைத் தின்ற பிறகு ஹனிகிரிஸ்ப்புக்காக நான் ஏங்கவில்லை. சதை கெட்டி, இனிப்பில் ஒரு வெடுக். கடையில் அதே ரகம் பல நாள் மாவு மாதிரி இருந்து என்னை ஏமாற்றியிருக்கிறது. கோர்ட்லண்டும் கொஞ்சம் இருந்தது. நறுக்கினால் சட்டென்று கறுக்காத ரகம், பிள்ளைகளின் டிபன் பெட்டிக்கு அதுதான் சரி.

குட்டை மரங்கள் என்பதால் ஏணி வேண்டாம், மகனுக்கே கை எட்டியது. பழத்தை இழுக்காமல், மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகச் சொல்லிக்கொடுங்கள். இழுத்தால் அடுத்த வருடம் காய்க்க வேண்டிய மொட்டும் சேர்ந்து வந்துவிடும். வாசலில் இதைச் சொல்ல ஒரு ஆள் நிற்கலாம், யாரும் இல்லை. கீழே அழுகிக் கிடக்கும் பழங்களில் குளவி மொய்க்கிறது, செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள்.

சோளக்கொல்லைப் புதிர்ப்பாதை, ஆட்டுக்குத் தீனி போடுவது, டிராக்டர் சவாரி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. டிராக்டர் மட்டும் பரவாயில்லை, அதுவும் மாமியார் பெஞ்சை விட்டு எழுந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார் என்பதற்காக. குச்சியில் குத்திய காரமல் ஆப்பிளை மகள் அடம்பிடித்து வாங்கினாள். குளிரில் காரமல் கல்லாக இறுகிக் கிடந்தது, பாதியிலேயே என் கையில் கொடுத்துவிட்டாள்.

நல்ல விஷயம் ஒன்று: டோனட் கடை டிக்கெட் வாசலுக்கு வெளியே இருக்கிறது. அங்கேயே மேசைகள், சைடர், அன்றைக்குப் பறித்த ஆப்பிள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த வருடம் பிள்ளைகளும் அப்பாவும் மட்டும் பை வாங்கிக்கொண்டு உள்ளே போகட்டும். நானும் மாமியாரும் வெளி மேசையில் உட்கார்ந்துகொள்கிறோம்.