செம்புக் கரைசலுக்கு எம்.இ.எஸ். பஃபர்: இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

மதுரையில் ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் மாணவர்களின் ப்ராஜெக்டைக் கவனித்துக்கொள்கிறேன். இந்த வருடம் கள்ளிக்குடி பக்கத்துக் கரிமூட்டத்தில் வாங்கிய சீமைக்கருவேலங் கரி, தண்ணீரில் உள்ள செம்பை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கிறோம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் செம்பு வரும்படி மயில்துத்தத்தைக் கரைத்து, கரியைப் போட்டு ஒரு ராத்திரி குலுக்கினோம். வடிகட்டிப் பார்த்தால் செம்பு கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கரியில் சாம்பல் இருக்கிறது, சாம்பலில் காரம் இருக்கிறது. 5.5-இல் தொடங்கிய பி.எச். காலையில் 7.3. கரியே போடாமல் வெறும் செம்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7.3-க்குக் கொண்டுவந்து வடிகட்டச் சொன்னேன். அதிலும் செம்பைக் காணோம். ஹைட்ராக்சைடாகப் படிந்து வடிதாளிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு கரி பிடித்தது, எவ்வளவு தானாகப் படிந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

பி.எச்.சைப் பிடித்து நிறுத்தப் பஃபர் வேண்டும். ஆனால் பஃபரே செம்பைப் பிடிக்கக் கூடாது. பாஸ்பேட் செம்போடு சேர்ந்து படிந்துவிடும். சிட்ரேட் செம்பை இறுகக் கட்டிக்கொள்ளும், கரிக்கு விடாது. டிரிஸ்ஸும் செம்போடு சேரும். போதாததற்கு அது 8-ஐ ஒட்டித்தான் வேலை செய்யும். அசிட்டேட் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதன் பி.கே.ஏ. (பஃபர் பாதி அமில வடிவிலும் பாதி கார வடிவிலும் நிற்கும் பி.எச்.) 4.76. 5.5-இல் அமில வடிவம் 15 சதவீதம்தான் மிஞ்சும், கரியின் காரத்தை அது தாங்காது.

எம்.இ.எஸ். (மார்ஃபோலினோ எத்தேன் சல்ஃபோனிக் அமிலம்) என்ற பஃபரின் பி.கே.ஏ. 6.1. 5.5-இல் 80 சதவீதம் அமில வடிவில் நிற்கிறது. நமக்குப் பி.எச். ஏறுவதுதான் தொல்லை என்பதால் இது அப்படியே பொருந்துகிறது. செம்போடு இது சேர்வது மிகவும் குறைவு. 1966-இல் நார்மன் குட்டும் அவர் குழுவும் உயிர்வேதியியல் வேலைக்காக வெளியிட்ட பஃபர்களில் இதுவும் ஒன்று. அந்தக் குடும்பம் என்றாலே உலோகத்துக்கு ஆகும் என்று நம்பிவிடாதீர்கள். டிரைசின், பைசின், ஏ.டி.ஏ. எல்லாம் நன்றாகவே பிடிக்கும்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் 25 கிராம் பாட்டில் கேட்டேன். "மேடம், இதுக்கு எதுக்கு இவ்வளவு விலை? பஃபர் மாத்திரை தரேன், ஏழுல நிக்கும்" என்றார் கடைக்காரர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த மாத்திரை பி.எச். மீட்டரைச் சரிபார்க்க மட்டும். ஏழு என்றால் அது பாஸ்பேட். விளக்கியதும் புரிந்துகொண்டு, இரண்டே நாளில் வரவழைத்துக் கொடுத்தார்.

அரை லிட்டர் 20 மில்லிமோலார் கரைசலுக்கு மோனோஹைட்ரேட் 2.13 கிராம். அந்தக் கணக்குக்கு ஒரு பாட்டில் பதினோரு தடவை வரும். லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மோனோஹைட்ரேட் என்றால் மூலக்கூறு எடை 213.25, நீரற்றது என்றால் 195.24. ஒரு பையன் இதை மாற்றிப் போட்டு ஒரு நாளை வீணாக்கினான். சுலபமாகக் கரைகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பி.எச். வைக்கும்போது, சோதனை நடக்கும் சூட்டிலேயே வையுங்கள். ஏப்ரலில் எங்கள் லேப் 35 டிகிரி. 25-இல் வைத்தால் 0.1 அளவு இறங்கிவிடும்.

ராத்திரி முழுக்கக் குலுக்கியும் பி.எச். 5.6-ஐத் தாண்டவில்லை. கரி போடாத குடுவையில் செம்பு போட்டபடியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கரி பிடித்த அளவு முன்பு வந்ததைவிடக் குறைவுதான். ஆனால் இந்த எண் உண்மை, ஆய்வேட்டில் தைரியமாகப் போடலாம்.

குறை என்றால் விலை. அப்புறம் இது கரிமச் சேர்மம் என்பதால், அதே தண்ணீரில் சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை அளக்கும் சோதனை) பார்க்க முடியாது. ஆட்டோகிளேவில் வைத்தால் மஞ்சளாகும், வடிகட்டிக் கிருமிநீக்கம் செய்வது நல்லது. ஃபெரிக் இரும்புக்கு இதை வாங்க வேண்டாம். பஃபர் பிடிக்காவிட்டாலும், இந்தப் பி.எச்.இல் இரும்பு தானாகவே படிந்துவிடும். செம்பு, துத்தநாகம் என்றால் தயங்காமல் வாங்கலாம். அடுத்த பாட்டிலுக்கு நேற்றுச் சொல்லிவிட்டு வந்தேன்.