டான் டெட்டிலிருந்து சியம் ரீப் போகிறவர்கள் கவனத்துக்கு

லாவோஸின் தென்கோடியில், மீகாங் ஆறு நாலாயிரம் தீவுகளாகப் பிரிந்து ஓடும் இடத்தில் இருக்கிறது டான் டெட். அங்கிருந்து கம்போடியாவின் சியம் ரீப்புக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம் என்று கடைக்குக் கடை பலகை வைத்திருப்பார்கள். அப்படி ஒரு டிக்கெட்டை 30 டாலருக்கு வாங்கிப் போனேன். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பும் நம் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலையில் படகு, நாகாசாங் கரையில் இறங்கி வெயிலில் நீண்ட காத்திருப்பு, பிறகு வேன். எல்லை நெருங்கும்போது ஒருவர் படிவக் கட்டோடு ஏறினார். "பாஸ்போர்ட்டும் 45 டாலரும் கொடுங்கள். எல்லா முத்திரையும் வாங்கி வருகிறேன், நீங்கள் நிழலில் உட்காருங்கள்" என்றார். கம்போடியாவின் சுற்றுலா விசாக் கட்டணம் 30 டாலர். மீதி எதற்கு என்று கேட்டேன். முத்திரைக்கு, காய்ச்சல் பார்ப்பதற்கு, அவருடைய உதவிக்கு என்று அடுக்கினார். ரசீது கேட்டால் கிடையாதாம்.

நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றதும் குரல் மாறியது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாகப் போனால் விசா தரமாட்டார்கள், வேனும் உங்களுக்காக நிற்காது என்று மிரட்டினார். இரண்டுமே பொய். இந்தியர்களுக்கு எல்லையிலேயே விசா உண்டு. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தபோது, அவரிடம் பணம் கொடுத்தவர்களின் பாஸ்போர்ட்டுகள் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. வேன் அங்கேயேதான் நின்றது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் இரவெல்லாம் தூங்காமல் வந்தவள், கேள்வியே கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தக் களைப்பை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பெரிய அடி அதற்குப் பிறகுதான். எல்லை தாண்டி ஏறிய வேனில் ஓட்டுநர் எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்டங் ட்ரெங் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல மணி நேரம் கழித்து வந்த ஆளோ, உங்கள் டிக்கெட் இதுவரைக்கும்தான், சியம் ரீப் போக இன்னும் 15 டாலர் என்கிறார். டிக்கெட்டைக் காட்டலாம் என்றால் அது கையில் இல்லை. செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். படமெல்லாம் செல்லாது என்றார். இருட்டப்போகிறது, இன்னும் நான்கைந்து மணி நேரப் பயணம் பாக்கி. எல்லோரும் கொடுத்தோம். விற்ற கடைக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை.

போகிறவர்கள் பாஸ்போர்ட்டை எந்த இடைத்தரகர் கையிலும் கொடுக்காதீர்கள். அலுவலகம் கண்ணெதிரேதான் இருக்கும், படிவத்தை நீங்களே நிரப்பலாம். டாலரை முன்னாலேயே சில்லறையாக எடுத்துப் போங்கள். லாவோஸ் ஏடிஎம்மில் அந்த நாட்டுப் பணமான கிப்தான் வரும். எல்லையில் தரகரிடம் மாற்றினால் அதிலும் நஷ்டம். கிழிந்த, கறை பட்ட டாலர் நோட்டைக் கம்போடியாவில் வாங்கமாட்டார்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.

டிக்கெட்டைக் கேட்டால் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் போய்ச்சேரும் ஊர் எழுதிய துண்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். லாவோஸின் பாக்சே நகரில் டிக்கெட் எடுத்தவர்களும் எங்கள் வேனில் இருந்தார்கள், அவர்களிடமும் அதே 15 டாலர் பறித்தார்கள். அதனால் கடையை மாற்றித் தப்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் கையில் இருந்தால் ஸ்டங் ட்ரெங் வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுங்கள். இரவு அங்கே தங்கித் தூங்கிவிட்டு, காலையில் சியம் ரீப் வேனுக்கு அந்த ஊரிலேயே தனியாகப் பணம் கட்டுங்கள்.