இரண்டு நாள் பள்ளத்தூர்: அப்பத்தாவின் லைஃப் சர்டிபிகேட்

தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்குப் போக வேண்டுமா என்று அம்மா கேட்டார். ஆனால் நவம்பர் பிறந்துவிட்டது. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அப்பத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதற்கான சான்றை, அதாவது லைஃப் சர்டிபிகேட்டை, கொடுத்தால்தான் அது தடையில்லாமல் வரும். போன வருடம் அதற்காக அப்பத்தா ஒரு வங்கிக் கிளையில் காலை பத்து மணியிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். விரல் ரேகை பதியவில்லை, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் நடந்த பிறகுதான் முடிந்தது. இதை அவர் எங்களிடம் சொன்னது பொங்கலுக்குத்தான். 78 வயதில் அவரைத் தனியாக அலைய விட்டோமே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் வேலைக்காகச் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தோம். அப்பத்தா வரவில்லை. வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் ஏறிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். எங்களுடையது ஊருக்கு வருகிறவர்கள் படம் எடுக்கும் கோட்டை வீடு இல்லை. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு, அவ்வளவுதான். ஆனால் தரையில் ஆத்தங்குடிக் கல், வளவுக்கு மேலே திறந்த வானம்.

திருச்சிக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் வரிசை வேகமாக நகர்ந்தது. அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பது நமக்கு வசதி. பெட்டி சிறியதாக இருந்தால் டாக்சி வேண்டாம், சாலைக்கு வந்து நின்றால் காரைக்குடி பஸ் கிடைக்கும். நான் அப்படித்தான் ஏறினேன்.

ஏறிய பிறகுதான் சிக்கல். என்னுடைய இந்திய எண் செத்துப் போயிருந்தது. ரீசார்ஜ் செய்யாமல், யாருக்கும் பேசாமல் மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டேன். அப்படி விட்டால் எண்ணைத் துண்டித்துவிட நிறுவனத்துக்கு இடமுண்டு. எண் இல்லாததால் ஜிபே வேலை செய்யவில்லை. கையில் ஒரு 500 ரூபாய் நோட்டு மட்டும். கண்டக்டர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார், டிக்கெட்டின் பின்னால் மீதித் தொகையை எழுதிக் கொடுத்தார். புதுக்கோட்டையில் ஆள் ஏறியதும் நான் கேட்காமலே வந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "ராத்திரி நேரம், கூட்டிட்டுப் போக ஆள் வருதாம்மா?" என்று விசாரித்தார். வருகிறார்கள் என்றேன். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் என் தோழியும் அவள் அப்பாவும் ஆட்டோவோடு நிற்பதைப் பார்த்த பிறகே அவர் டீக்கடைப் பக்கம் போனார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஊர் எண்ணைச் சாக விடாதீர்கள். எனக்கு இது டிக்கெட்டோடு முடியவில்லை. அப்பத்தாவின் வங்கிக் கணக்கில் கொடுத்திருந்ததும் அதே எண். பணம் வந்த செய்தி, எடுத்த செய்தி, ஓடிபி எல்லாமே அந்தச் செத்த எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் போய் மாற்றிவிடலாம் என்றால் அது இரண்டாம் சனி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. ஊருக்குப் போகும் அவசரத்தில் நான் காலண்டரையே பார்க்கவில்லை.

ஆனால் தபால்காரர் வந்தார். என் தோழி முன்பே சொல்லி வைத்திருந்தாள். லைஃப் சர்டிபிகேட்டைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2020 நவம்பரில் தொடங்கியது. கட்டணம் 70 ரூபாய். போஸ்ட்இன்ஃபோ செயலியில் பதியலாம், இல்லையென்றால் கடிதம் கொண்டுவருகிறவரிடம் வாயால் சொன்னாலே போதும். ஓய்வூதியக் கணக்கு வேறு வங்கியில் இருந்தாலும் பரவாயில்லை. ஆதார், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணை எண்), கணக்கு எண், ஒரு மொபைல் எண், இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

காலையில் எழுந்ததும் அப்பத்தா குளித்து, நீறு பூசி, மடித்து வைத்திருந்த கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டார். பணியார மாவும் தயாராக இருந்தது. உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக ஏற்றி வைப்பார். உழக்கில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. ஊறவைத்து ஆட்டிய மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினால் வெள்ளைப் பணியாரம் நடுவில் தானாகவே உப்பி எழும். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். தபால்காரர் திண்ணையில் சைக்கிளைச் சாய்த்தபோது முதல் ஈடு வெந்துகொண்டிருந்தது.

அவர் சின்னக் கருவியை எடுத்து வைத்தார். வலது கட்டைவிரல் பதியவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஆள்காட்டி விரல், இடது கை, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தும் ஒன்றும் பதியவில்லை. அப்பத்தாவின் விரல் நுனிகளைக் கிட்டத்தில் பார்த்தேன். அம்மியும் ஆட்டுரலும் தேய்த்துத் தேய்த்து, ரேகையே இல்லாமல் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருந்தன. அவர் முகம் வாடிவிட்டது. போன வருடம் வங்கியில் இப்படித்தானே திருப்பி அனுப்பினார்கள்.

"விரல் வேண்டாம் ஆச்சி, முகத்தை வச்சுப் பார்ப்போம். இங்க இருட்டா இருக்கு, வளவுக்கு வாங்க" என்று தபால்காரர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். 2014இல் இந்த டிஜிட்டல் சான்று வந்தபோது விரலோ கருவிழியோதான். முகத்தைக் காட்டி எடுக்கும் முறை 2021 நவம்பரில் சேர்ந்தது. வளவில் நல்ல வெளிச்சம். தூணுக்குப் பக்கத்தில் அப்பத்தாவை உட்கார வைத்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க ஆச்சி" என்றார். அப்பத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை இறுக மூடித் திறந்தார். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை பச்சை வட்டம் வந்தது.

"அம்புட்டுத்தானா? நான் உசுரோட இருக்கேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டார். தெரிஞ்சிருச்சு ஆச்சி என்றார் தபால்காரர். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எண் கேட்டபோது என் தோழியின் எண்ணைக் கொடுத்தோம். சான்று எண் குறுஞ்செய்தியாக அவளுக்கு வந்தது. அவர் 70 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, பணியாரம் நான்கை வரமிளகாய்த் துவையலோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போனும் அதைப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தால், ஆதார் ஃபேஸ்ஆர்டி, ஜீவன் பிரமான் என்ற இரண்டு செயலிகளை வைத்து நீங்களே எடுத்துவிடலாம். அப்பத்தாவைப் போலத் தனியாக இருப்பவர்களுக்குத் தபால்காரர்தான் சரி.

மற்றதையும் விசாரித்தேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக ஒரு பெண் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் வீட்டு வாசலுக்கு வருகிறது. காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போய்வரக் கட்டணமில்லை. இதெல்லாம் வந்ததால்தான் பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்த ஊரில் ஒரு கிழவி தன் வீட்டில் தன் அடுப்பில் சமைத்துச் சாப்பிட முடிகிறது. இதைச் செய்துகொடுப்பவர்கள் மாதச் சம்பளத்துக்கு மேலே கொஞ்சம் மனசையும் வைத்துச் செய்கிறார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோழியோடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தேன். பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண்களும் செதுக்கிய நிலைகளும் எனாமல் தட்டுகளும் அடுக்கியிருந்தன. எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் நின்றவை. எங்கள் வளவுத் தூண் கண்ணுக்குள் வந்தது. அதிக நேரம் நிற்க முடியவில்லை, வா போகலாம் என்றேன். டீ குடிக்கும்போதுதான் சொன்னாள், சனிக்கிழமைதோறும் அப்பத்தாவைப் போய்ப் பார்த்து, கேஸ் பதிவு செய்து, கரண்ட் பில் கட்டிவிட்டு வருகிறாளாம். இரண்டு வருடமாகச் செய்கிறாள், எனக்குத் தெரியாது. அப்பத்தாவும் சொல்லவில்லை. ஏன் சொல்லலை என்று கேட்டால், "இதுல என்னடி சொல்றது" என்கிறாள்.

சாயங்காலம் அப்பத்தா தூக்குவாளியில் தேன்குழலும் சீப்புச் சீடையும் கட்டிக் கொடுத்தார். திருச்சி பஸ்ஸில் ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் எடுத்தேன், இந்த முறை சில்லறையோடு.

வங்கி எண் மட்டும் இன்னும் மாற்றவில்லை. அதற்கு அப்பத்தாவே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் தேர்வு முடிந்ததும் வருகிறேன். இந்த முறை காலண்டரைப் பார்த்து, திங்கட்கிழமை காலையில் ஊரில் இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டிருக்கிறேன். வங்கிக்கு நான்தான் கூட்டிப் போவேன் என்று அப்பத்தாவிடமும் சொல்லியாயிற்று.