சிறிய சேமிப்பகத்துக்கு இரண்டு மைக்ரோடிக் சிஆர்எஸ்305 ஸ்விட்ச்கள்: ஒரு மதிப்புரை

இரண்டு கன்ட்ரோலர்கள் கொண்ட ஓர் ஐஸ்கசி சேமிப்பகமும் (நெட்வொர்க் வழியாகச் சர்வர்களுக்கு வட்டுகளைத் தரும் பெட்டி) இரண்டு சர்வர்களும் மட்டுமே வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களுக்கு, லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் தயாரிக்கும் சிஆர்எஸ்305 ஸ்விட்சைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் ஒன்றல்ல, இரண்டு வாங்க வேண்டும். விசிறி இல்லாத இந்தச் சிறிய பெட்டியில் 10 கிகாபிட் வேகமுள்ள எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்கள் (தேவைக்கேற்ற மாட்யூலையோ கேபிளையோ செருகும் துளைகள்) நான்கும், நிர்வாகத்துக்கான கிகாபிட் போர்ட் ஒன்றும் உள்ளன. கன்ட்ரோலர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள், சர்வர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் என்று இணைத்தால் நான்கு போர்ட்களும் கச்சிதமாக நிரம்பிவிடும். இதே இணைப்பை இரண்டாவது ஸ்விட்சிலும் செய்துவிட்டால், ஒரு ஸ்விட்சை மென்பொருள் புதுப்பிப்புக்காக நிறுத்தினாலும் வட்டுகள் சர்வர்களின் கைவிட்டுப் போவதில்லை. ஒரே பெரிய ஸ்விட்சை வாங்கினால் இந்த நிம்மதி கிடைக்காது.

இரண்டு ஸ்விட்ச்களையும் ஒன்றோடொன்று இணைக்கத் தேவையில்லை. முதலாவதற்கு 10.10.11.0/24, இரண்டாவதற்கு 10.10.12.0/24 என்று தனித்தனி சப்நெட் (ஒரு நெட்வொர்க்குக்கான முகவரித் தொகுதி) கொடுத்து, ஒரே கருவிக்கு இரண்டிலும் ஒரே கடைசி எண்ணை வைத்தால், முகவரியைப் பார்த்தவுடனேயே எந்தப் பாதை அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே சப்நெட்டாக இருந்தால், சர்வர் தன் போக்குவரத்து முழுவதையும் ஒரே நெட்வொர்க் கார்டின் வழியாக அனுப்பவோ, கேபிளே இல்லாத பாதையைத் தேடவோ வாய்ப்புண்டு. இந்தப் போக்குவரத்து வெளியே செல்ல வேண்டியதே இல்லை என்பதால், இந்தக் கார்டுகளில் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்) முகவரியை வெறுமையாக விட்டுவிடலாம். பாதைகளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு சர்வரில் உள்ள மல்டிபாத் மென்பொருளுடையது.

வாங்குவோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் நிர்வாகப் போர்ட். பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லா ஸ்விட்ச்களுக்கும் 192.168.88.1 என்ற ஒரே முகவரிதான் இருக்கும். எனவே ஒவ்வொன்றாக மடிக்கணினியில் இணைத்து முகவரியை மாற்றிய பிறகே அலுவலக நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தொழிற்சாலை அமைப்பில் நிர்வாகப் போர்ட்டும் எஸ்எஃப்பி போர்ட்களும் ஒரே பிரிட்ஜில் (போர்ட்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் அமைப்பு) உள்ளன. அப்படியே இணைத்துவிட்டால், பிரித்து வைத்ததாக நாம் எண்ணும் இரண்டு சேமிப்பக நெட்வொர்க்குகளும் அலுவலக நெட்வொர்க்கின் வழியாக ஒன்றாகிவிடும். நிர்வாகப் போர்ட்டைப் பிரிட்ஜிலிருந்து நீக்கி, அதற்கெனத் தனி முகவரி கொடுப்பதே சரி. அதற்காக இரண்டாவது பிரிட்ஜ் உருவாக்க வேண்டாம்: இந்த ஸ்விட்சில் ஒரு பிரிட்ஜ் மட்டுமே சிப்பின் முழு வேகத்தில் இயங்கும்; மற்றொன்றின் சுமை சிறிய செயலியின் மேல் விழும்.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய தரவுப் பொட்டலம்) பயன்படுத்துவோர், போர்ட்களின் எல்2எம்டியு (போர்ட் ஏற்கும் பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்களில்) ஆரம்பத்தில் 1500க்குச் சற்று மேல்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்விட்ச் 10,218 வரை ஏற்கும் என்பதால் அதை உயர்த்திவிட்டு, சர்வரிலும் சேமிப்பகத்திலும் 9000 வைத்து, துண்டாக்கத் தடை விதித்த 8972 பைட் (9000இல் தலைப்புகள் போக மீதி) பிங் சோதனைச் செய்தியை ஒவ்வொரு பாதையிலும் அனுப்பிப் பார்க்க வேண்டும். சாதாரண பிங் வெற்றி பெறுவது இங்கே எதையும் நிரூபிக்காது.

மின்சாரத்துக்கு இரண்டு டிசி உள்ளீடுகள் இருப்பது இந்த அளவுப் பெட்டியில் பாராட்டத்தக்கது. கேபிளைப் பொறுத்தவரை, ஒரே ரேக்குக்குள் டேக் கேபிள் (இரு முனைகளிலும் மாட்யூல் பொருத்தியே வரும் குறுகிய கேபிள்) போதும். சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே45 மாட்யூல்கள் மிகவும் சூடாகும். விசிறியில்லாத பெட்டியில் அவற்றை அடுத்தடுத்த போர்ட்களில் செருகுவது நல்லதல்ல. நான்கு போர்ட்களுக்கும் அவைதான் தேவைப்படும் என்றால் இந்த ஸ்விட்சை வாங்க வேண்டாம்.

மூன்றாவது சர்வர் வரும் என்ற எண்ணம் இப்போதே இருந்தாலும் இது பொருந்தாது. அப்போது எட்டு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்கள் கொண்ட சிஆர்எஸ்309 ஸ்விட்சையே இரண்டாக வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன முகவரித் திட்டம் அதற்கும் அப்படியே பொருந்தும்.