குலுக்கல் மாதிரியா, ஒதுக்கீட்டு மாதிரியா?

ஒரு நாட்டு மக்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று அறிய ஆயிரம் பேரைக் கேட்டாலே போதும். அந்த ஆயிரம் பேரை எப்படிப் பொறுக்குவது என்பதில்தான் குழப்பம். குலுக்கல் மாதிரி என்றால் முழுப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களை எடுப்பது. ஒதுக்கீட்டு மாதிரி என்றால் ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேர் என்று வைத்துக்கொண்டு, ஆளைக் கேட்பவரே தேர்ந்தெடுப்பது.

செலவு
குலுக்கல்: முழு முகவரிப் பட்டியல் வேண்டும், பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.
ஒதுக்கீடு: இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை முதியவர் என்று எண்ணிக்கை நிரம்பினால் வேலை முடிந்தது.

நம்பகம்
குலுக்கல்: 1,000 பேரைக் கேட்டுச் சொல்லும் விகிதத்துக்குப் பிழை வரம்பு (உண்மை விடையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு), 95 சதவீத நம்பிக்கை அளவில் (நூறு முறை இப்படி எடுத்தால் சுமார் 95 முறை), கூடவோ குறையவோ சுமார் 3 சதவீதப் புள்ளி. அதைப் பாதியாக்க 2,000 பேர் போதாது, 4,000 பேர் வேண்டும். மக்கள்தொகை ஒரு கோடியா, நூறு கோடியா என்பது இந்தக் கணக்கை ஏறக்குறைய அசைக்காது (பலருக்கு இது நம்பவே வராது). தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்தால் மட்டும் வரம்பு கூடும்.
ஒதுக்கீடு: இந்தக் கணக்கே செல்லாது. கேட்பவர் கைக்கு எட்டியவரை, பேசச் சம்மதிப்பவரைத்தான் பிடிப்பார். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் இம்முறையை நம்பிய கணிப்புகள் டூயி வெல்வார் என்றன, வென்றவர் ட்ரூமன்.

வழக்கமான கோளாறு
குலுக்கலில் ஆள் இல்லையென்று பக்கத்து வீட்டாரைச் சேர்த்தால் அதுவும் ஒதுக்கீடு போலவே ஆகிவிடும்.

விகிதம் சொல்ல வேண்டுமா, குலுக்கல்தான். கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்க ஒதுக்கீடு தாராளமாகப் போதும். அதற்குப் பிழை வரம்பு மட்டும் போடாதீர்கள்.