நாய் முடி அடைத்த வாஷிங் மெஷினுக்கு “பம்ப் போச்சு” என்று 5,050 ரூபாய்: ஏமாந்துவிடாதீர்கள்

நாயோ பூனையோ வளர்க்கிற வீட்டில் ஃப்ரண்ட் லோட் மெஷின் இருந்தால் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். தண்ணீர் வெளியேறாமல் மெஷின் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முடியைத்தான், பம்பை அல்ல.

நடந்தது இது. சென்னையில் லேப்ரடார் வளர்க்கும் ஒரு வீடு. நாயின் படுக்கை விரிப்பு துவைந்துகொண்டிருக்கும்போது மெஷின் பாதியில் நின்றது. கதவு திறக்கவில்லை, டிரம்மில் தண்ணீர் அப்படியே தேங்கிவிட்டது. இணையத்தில் ‘சர்வீஸ் சென்டர்’ என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார்கள். வந்தவர் கம்பெனி சட்டை போட்டிருந்தார், ஆனால் கம்பெனி ஆள் இல்லை. அரை மணி நேரத்தில் பில் போட்டார்: விசிட்டிங் சார்ஜ் 450, புது டிரெயின் பம்ப் (தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப்) 2,800, ‘டிரம் சர்வீஸ்’ 1,200, பவுடர் 600. ஆக மொத்தம் 5,050 ரூபாய். வெற்றுத் தாளில் எழுதிய பில், ஜிஎஸ்டி எண் கிடையாது. கழற்றியதாகச் சொன்ன பழைய பம்பையும் தரவில்லை.

ஒன்பதாம் நாள் மெஷின் அதேபோல நின்றது. கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினால் உள்ளங்கை நிறைய முடி. ஊறின தேங்காய் நார் மாதிரி, நூலும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து திரண்ட கட்டி. நடுவில் ஒரு கொண்டை ஊசி. மெஷினைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் முழு மோசடியும் தெரிந்தது. ‘புதுசு’ என்று காசு வாங்கிய பம்பில் துருவேறிய பழைய ஸ்க்ரூ, லேபிளில் 2019. மெஷின் வாங்கியதும் அதே வருஷம்தான். முதல் நாள் அந்த ஆள் கைக்கு எட்டிய முடியை மட்டும் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

பம்ப் கெட்டுவிட்டது என்று நம்ப வைக்க அவர் காட்டியது என்ன தெரியுமா? ஃபில்டர் இருக்கும் ஓட்டைக்குள் ஒரு சின்ன விசிறி இருக்கும். அதை விரலால் சுற்றச் சொன்னார். “பாருங்க சார், இறுகிப் போச்சு, தடுக்குது.” நல்ல பம்பும் அப்படித்தான் தடுக்கும்! உள்ளே சுழல்வது காந்தம். அதனால் விசிறி வழவழவென்று சுற்றாது, ஒவ்வொரு இடத்திலும் பிடித்து, விட்டு, குதித்துக் குதித்துத்தான் நகரும். அசையவே அசையாவிட்டாலோ, தடையே இல்லாமல் தளர்வாகச் சுற்றினாலோ, தண்டு ஆடினாலோதான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பம்பின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். பொதுவாக 130 முதல் 200 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால்தான் பம்பின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

யாரையும் கூப்பிடும் முன் நீங்களே செய்ய வேண்டியது கால் மணி நேர வேலைதான். திரையில் வரும் எழுத்தைப் பாருங்கள். எல்ஜியில் ‘ஓஇ’, சாம்சங்கில் ‘5சி’ அல்லது ‘5இ’, பாஷில் ‘இ18’ என்று வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை என்று பொருள், பம்ப் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். கீழ்க் கதவுக்குள் சின்ன டியூப் இருந்தால் அதன் மூடியைக் கழற்றி, தட்டையான தாம்பாளத்தில் தண்ணீரைப் பிடியுங்கள். டிரம் நிறையத் தண்ணீர் நின்றால் நாலைந்து முறை பிடித்துக் கொட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகே ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகுங்கள், ஒரேயடியாக உருவிவிடாதீர்கள். பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஓட்டைக்குள் டார்ச் அடித்து, விசிறித் தண்டில் சுற்றிய முடியை இடுக்கியால் எடுங்கள். திரும்ப இறுக மூடி, டிரம்மில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெறும் ஸ்பின் போட்டுக் கசிகிறதா என்று பாருங்கள்.

அந்த 600 ரூபாய் பவுடர் விஷயத்துக்கு வருவோம். அது உப்புப் படிவை எடுக்கிற பவுடர். போர் தண்ணீர் வீட்டுக்கு அதில் பிரயோஜனம் உண்டு. ஆனால் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அந்தப் பவுடரில் கரையாது. முடியைக் கரைப்பது சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் வகைதான். அதைத் தயவுசெய்து மெஷினில் போட்டுவிடாதீர்கள். டிரம்முக்குப் பின்னால் உள்ள அலுமினியத் தாங்கியை அது அரித்துவிடும், பிறகு செலவு பம்பு விலையில் நிற்காது.

ஆன்லைனில் விற்கும் மிதக்கும் வலைப்பை, சிலிகான் பந்து எல்லாம் ‘எல்லா மெஷினுக்கும்’ என்றுதான் போட்டிருப்பார்கள். தண்ணீர் நிறைய நிற்கும் டாப் லோடில் வலைப்பை மிதந்து கொஞ்சம் முடியைப் பிடிக்கும். ஃப்ரண்ட் லோடில் மிதக்கத் தண்ணீரே இல்லை, துணியோடு புரளுவதோடு சரி.

முடியை எடுக்க வேண்டிய நேரம் துணி உலர்ந்திருக்கும்போது. நனைந்துவிட்டால் முடி துணியோடு ஒட்டிக்கொண்டு, நூல்தூசியோடு சேர்ந்து கம்பளி மாதிரி திரளும். பாதி கதவு ரப்பர் மடிப்பில் தங்கும், மீதி ஃபில்டருக்குப் போகும். அதனால் போடும் முன் மாடியில் நன்றாக உதறுங்கள். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை லேசாக ஈரமாக்கி, ஒரே திசையில் இழுத்துத் தேய்த்தால் முடி திரி திரியாகச் சுருண்டு வரும். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்ப உள்ளேதான் போகும். நாயின் விரிப்பைத் தனியாக, ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டுத் துவையுங்கள். டிரம்மில் பாதிக்கு மேல் அடைக்காதீர்கள், ஒரு அலசல் கூடுதலாக வையுங்கள். கொடியில் மொறமொறவென்று காய்ந்ததும் இன்னொரு முறை உதறினால் மிச்ச முடியும் விழும். ரப்பர் மடிப்பின் அடிப்பகுதியைப் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆள் வேண்டுமென்றால், எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள், தேடலில் வருவதை நம்பாதீர்கள். பாகம் மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டதென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி சர்வீஸ் சென்டர் என்று தெரிந்தால் சைபர் குற்றப் புகாருக்கு 1930. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அதற்கு அழைத்த எண், யுபிஐ ரசீது, அந்தத் துண்டுச் சீட்டு பில், லேபிளில் வருஷம் தெரிகிற மாதிரி பம்பின் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.