கலாசிபாளையம் அலுவலகத்தில் ஃப்ரீபிபிஎக்ஸ்: திரையில் தெரியும் பெயரும் எண்ணும்

பெங்களூரு கலாசிபாளையத்தில் நாங்கள் நடத்தும் பார்சல் புக்கிங் அலுவலகத்தில் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன்களுடன் (உள் இணைப்புகளுடன்) ஃப்ரீபிபிஎக்ஸ் நிறுவி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக வேலை செய்யும் ஆஸ்டரிஸ்க் என்னும் திறமூல மென்பொருளை பிரவுசர் வழியாக இயக்க உதவும் முகப்பு இது. அடிப்படைப் பயன்பாட்டுக்கு உரிமக் கட்டணம் இல்லை. மற்ற வசதிகளை விட்டுவிட்டு, காலர் ஐடியை, அதாவது அழைப்பவரின் எண்ணும் பெயரும் திரையில் தெரிவதை, அமைப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் பழைய இணைப்பகப் பெட்டியைக் கழற்றியதே அதற்காகத்தான்.

உள்ளே வரும் அழைப்புகளில் குறை சொல்ல இடமில்லை. புக்கிங், டெலிவரி, கணக்கு என எங்களுக்கு மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய இன்பவுண்ட் ரூட்டில் (உள்ளே வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் பக்கத்தில்) பெயருக்கு முன்னொட்டு இடும் கட்டம் இருப்பதால், மூன்றும் ஒரே மேசையில் ஒலித்தாலும், வாடிக்கையாளர் எந்த வேலையாக அழைக்கிறார் என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. சேலம், ஈரோடு வாடிக்கையாளர்களின் எண்களைப் பெயருடன் பதிந்துகொண்டதில், ‘வணக்கம்’ சொல்வதா ‘நமஸ்காரா’ சொல்வதா என்ற தடுமாற்றமும் தீர்ந்தது. லைனில் எண் முன்னால் சுழியத்துடன் வந்து, நாம் வெறும் பத்து இலக்கமாகப் பதிந்திருந்தால் பெயர் தெரியாது; இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

வெளியே செல்லும் எண்ணை எக்ஸ்டென்ஷன், அவுட்பவுண்ட் ரூட் (வெளி அழைப்பு செல்லும் வழி), ட்ரங்க் (தொலைபேசி நிறுவனம் கொடுத்த லைன்) ஆகிய மூன்று பக்கங்களில் குறிக்கலாம். பொதுவாக எக்ஸ்டென்ஷனில் உள்ள எண்ணே செல்லும். ரூட்டில் மேலெழுதும் குறியை இட்டால் ரூட்டின் எண் செல்லும். ட்ரங்கில் ‘ஃபோர்ஸ் ட்ரங்க் சிஐடி’ (ட்ரங்கின் எண்ணையே கட்டாயமாக்குவது) என்று தேர்ந்தெடுத்தால், அவசர அழைப்புக்கென வைத்த எண் நீங்கலாக மற்றவை எல்லாம் தள்ளுபடி. அந்தக் கடைசித் தேர்வை நானே செய்துவிட்டு, கணக்குப் பிரிவின் அழைப்புகள் ஏன் புக்கிங் எண்ணுடன் போகின்றன என்று அரை நாள் தேடினேன்.

கட்டத்தில் எந்த எண்ணை எழுதினாலும் மென்பொருள் வாங்கிக்கொள்ளும். லைன் கொடுத்தவர் வாங்கிக்கொள்வாரா என்பது வேறு. நமக்கு ஒதுக்கிய எண்ணாக இல்லாவிட்டால், அதற்குப் பதிலாக நம் முதன்மை எண்ணை வைப்பார் அல்லது அழைப்பையே மறுப்பார். எங்களுக்கு லைன் கொடுத்த நிறுவனத்தார் +91 80 என்று தொடங்கும் வடிவத்தை எதிர்பார்க்க, நாங்கள் 080 என்று எழுதியிருந்தோம். இரண்டு நாள் அழைப்பு எதுவும் வெளியே போகவில்லை. அவர்களுடைய உதவி மையமோ தங்கள் பக்கம் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பெயர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். வெளி அழைப்புக்கு நாம் எழுதும் பெயர் வாடிக்கையாளரின் கைபேசிக்குப் போய்ச் சேர்வதில்லை. அங்கே ட்ரூகாலர் செயலி இருந்தால், அது தன் தொகுப்பில் வைத்திருக்கும் பெயர் தெரியலாம். அழைப்பவர் பெயரைத் தொலைபேசி நிறுவனமே காட்டும் சேவைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரை அளித்தது. வணிக இணைப்பு வைத்திருப்போர் தம் பதிவுபெற்ற வணிகப் பெயரைக் காட்டிக்கொள்ளலாம் என்பதும் அதில் உண்டு. ஆனால் அது லைன் கொடுப்பவர் செய்ய வேண்டிய வேலை. வெளியே பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் யாரேனும் இந்தப் பெட்டியை விற்க வந்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.